கோயில் ஏன் சாத்தியிருக்கிறது?

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது சாத்திய கதவு. தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே விளக்கு இல்லை. படியில் முந்தைய நாளின் அருகம்புல் காய்ந்து கிடந்தது. பேப்பர்க் கட்டு வந்து இறங்கும் இடத்துக்கு நான் தினமும் அந்த வழியாகத்தான் நடப்பேன். அந்த நேரத்தில் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்தபடியே கடந்து போனேன்.

போன மாதம் உங்கள் இளம் நிருபர்கள் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், செல்போன் குரூப்லேர்ந்து ஒரு நிருபர் நிறைய எடுக்கறது எப்படி? டிப்ஸ் ஏதாவது சொல்லுங்க." எத்தனை குழுவில் சேரலாம், எந்த நேரத்தில் பதிவு போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாத்திய கதவில் தொடங்கிய அந்தக் காலைப்பொழுதைச் சொல்கிறேன். டிப்ஸ் அதற்குள் இருக்கிறது.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்தாண்டின் பின்பாதியில் நடந்தது. இன்று நீங்கள் வைத்திருக்கும் செயலிகள் எதுவும் காஞ்சிபுரத்துக்கு வந்திருக்கவில்லை. ஆனால் குறுஞ்செய்திக் குழு என்று ஒரு சேவை இருந்தது. ஒரு எண்ணுக்குச் செய்தி அனுப்பினால், குழுவில் சேர்ந்த எல்லோருடைய கைப்பேசிக்கும் அது போகும். அனுப்பியவர் பெயர் மேலே வரும். படம் கிடையாது, யார் படித்தார்கள் என்று காட்டும் குறி கிடையாது, அனுப்பியதை அழிக்கவும் முடியாது. எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம்.

நகரத்துக்கென்று அப்படி ஒரு குழுவை நான் தொடங்கினேன். செய்தி தானாகத் தேடி வரும் என்ற ஆசைதான் காரணம். பட்டுக் கடைக் கணக்கர்கள், நெசவாளர்கள், ஆட்டோக்காரர்கள், ஆசிரியர்கள் என்று சில நூறு பேர் சேர்ந்தார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வருகிறது, கரண்ட் எப்போது போகும், எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பவைதான் பெரும்பாலும் வரும். வந்தவற்றில் செய்தியாக்க முடிந்தது குறைவு. படிக்க ருசியாக இருந்தது நிறைய.

அந்த ருசிக்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் ஏகாம்பரம். பெரிய காஞ்சிபுரத்தில் மூன்று தறி வைத்திருந்த நெசவாளர். சிவன் கோயில் நேரங்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு செய்தியையும் "சொன்னது ஏகாம்பரம்" என்று முடிப்பார், பெயர் மேலேயே வருகிறது என்று எத்தனை முறை சொன்னாலும். மற்றவர் சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ராகவன். பெருமாள் கோயில் அவர் பொறுப்பு என்று குழுவே ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் சிவன் கோயில் நேரத்தை யாராவது கேட்டாலும் மாஸ்டர்தான் முதலில் பதில் போடுவார். அது ஏகாம்பரத்துக்குப் பொறுக்காது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. குழுவில் சண்டை இல்லாத நாளும் இல்லை.

ஒரு நாள் அந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஏகாம்பரத்துக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அதற்குப் பிறகு குழுவில் அவர் பெயர் வரவில்லை. எல்லோரும் அதைக் கவனித்திருந்தோம்.

அன்று காலை பேப்பர்க் கட்டு இறங்கும் இடத்தில் நான் நின்றபோது முதல் செய்தி வந்தது. பட்டுக் கடைக் கணக்கர் தேவராஜன் அனுப்பியிருந்தார்: "புள்ளையார் கோயில் ஏன் சாத்தியிருக்குது?"

நான் கேட்க நினைத்த கேள்விதான். பதிலுக்குக் காத்திருந்தேன்.

அடுத்தது, பால் பூத் நடத்தும் அம்மாளிடமிருந்து: "அந்தத் தெருவுல சாமியானா கட்டறாங்க."

பிறகு ஓர் ஆட்டோக்காரர்: "ஏகாம்பரம் வூட்டு வாசல்ல சேர் எறக்கறாங்க. தறி சத்தம் இல்ல."

பிறகு வேறொருவர்: "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவருதானே."

அதன்பின், எனக்கு முகம் தெரியாத ஓர் உறுப்பினர் அனுப்பினார்: "ஐயா குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்." அதற்குப் பிறகு அனுதாபங்கள் வரிசையாக வரத் தொடங்கின.

வெளியூரிலிருந்து வந்து இங்கே பணியாற்றும் உங்களில் சிலருக்கு இது புரியாமல் இருக்கலாம். ஒரு தெருவில் சாவு விழுந்தால், எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தத் தெருக் கோயில் நடை திறக்காது. தறி ஓடாது. வாசலில் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் வரும். ஆகவே சாத்திய கதவு, சாமியானா, ஓசையில்லாத தறி மூன்றையும் ஒருவர் ஒரே காலையில் கேள்விப்பட்டால், நான்காவதை அவரே எழுதிக்கொள்வார். மறுபடி படித்துப் பாருங்கள். அனுதாபத்துக்கு முன்னால் வந்த ஒவ்வொரு செய்தியும் உண்மை. அனுப்பிய ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

எனக்கு இன்னொன்று உறுத்தியது. எழுதியவர்கள் யாருமே அந்தத் தெருக்காரர்கள் இல்லை. தெருவில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சாவு நடந்ததால் கைவேலையாக இருக்கிறார்கள் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். நடக்காததால் போனைப் பார்க்கவே இல்லை என்றும் கொள்ளலாம். குழுவை வைத்து வேலை பார்க்கும்போது பேசுகிறவர்களைப் படிப்பது சுலபம். சம்பவத்துக்குப் பக்கத்தில் இருந்தும் பேசாதவர்கள் யார் என்று பாருங்கள். ஆனால் அந்த மௌனத்துக்கு நீங்களாக அர்த்தம் எழுதிவிடாதீர்கள்.

அப்போது போன் அடித்தது. மோகன். ஜவுளிக் கடை ஒன்றில் விற்பனையாளர், குழுவில் இருப்பவர்.

"சார், ஏகாம்பரம் ஐயா மேட்டர் நெஜமா?"

"எனக்கும் மெசேஜ்தான் வந்துதுப்பா. உனக்கு என்ன அவ்ளோ அவசரம்?"

"இன்னிக்கி அவங்க வூட்லதான் சார் நிச்சயம். அவரு தம்பி பொண்ணு கோமதிக்கும் என் மச்சானுக்கும். நாங்க மாகறல்லேர்ந்து வேன்ல வந்துக்கினு இருக்கறோம். மெசேஜ் வந்துதா, நான் சும்மா இருக்காம சத்தமா படிச்சுட்டேன். இப்போ ஊர் எல்லையில ஓரிக்கையாண்ட வண்டியை நிறுத்திட்டாங்க."

சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் அங்கேயே விளக்கம் கிடைத்துவிட்டது. சாத்திய கதவுக்குத்தான் கிடைக்கவில்லை.

"அவங்க வீட்டுக்குப் போன் போட்டுக் கேளு."

"இன்னான்னு சார் கேக்கறது? தாம்பாளத்தை மடியில வெச்சிக்கினு, உங்க வூட்ல சாவாங்கன்னு கேக்கவா? என் மாமனார் செருப்பால அடிப்பாரு."

அவர் சொன்னது சரி. துக்கத்தைப் போனில் விசாரிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நேரில் போவார்கள், அல்லது சும்மா இருப்பார்கள். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் இரண்டும் செய்ய முடியாது. பழத்தட்டோடு சாவு வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? ஊரில் அத்தனை பேர் அனுதாபம் அனுப்பினார்களே, ஒருவராவது அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். போடாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, மரியாதை. மரியாதை கருதி யாரும் கேட்காத கேள்வியைப் போய்க் கேட்பதற்குத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"கொஞ்ச நேரம் குடு. நான் நேர்ல போய்ப் பார்க்கறேன். வேனைத் திருப்ப விடாத."

"சீக்கிரம் சார். ஒன்பது மணிக்கு மேல தட்டு மாத்தணும். கோமதிக்கு மொதல்ல பார்த்த எடம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சு. அதான் இந்தத் தடவை ஊருக்கே சொல்லாம செய்யறாங்க. இப்போ நாங்களும் திரும்பிப் போனா, மறுபடி வர்றதுக்கு எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. அபசகுனம்னுடுவாங்க."

சைக்கிளை எடுத்தேன். தெருவுக்குள் திரும்பியதும் சாமியானா தெரிந்தது. நாற்காலி கொண்டுவந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஏகாம்பரம் வீட்டு வாசலை முழுவதும் மறைத்துக்கொண்டு நின்றது. வண்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். அதற்குப் பின்னால், வாசல் நிறைய, செம்மண் பட்டையிட்ட பெரிய கோலம். மாவு இன்னும் ஈரமாக இருந்தது. சாவு வீட்டில் கோலம் போடமாட்டார்கள். ஆட்டோக்காரர் பார்த்தது வண்டியின் முன்பக்கத்தை. செய்தி வண்டியின் பின்பக்கத்தில் இருந்தது.

ஏகாம்பரத்தின் தம்பி சுந்தரம் வாசலுக்கு வந்தார். "வாங்க சார். இன்னா இது, காலங்காத்தால? யாரு சொன்னாங்க உங்களுக்கு? பேப்பர்ல கீப்பர்ல போட்டுடாதீங்க."

"போடல. இந்தப் பக்கமா வந்தேன்."

உள்ளே கூடத்தில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். மழித்த முகம், நெற்றி நிறைய விபூதி, புது வேட்டி. நாற்காலிக்காரரைப் பிடித்து வைத்திருந்தார்.

"இன்னாப்பா சேர் இது? ஒண்ணொண்ணும் காலை ஆட்டுது. சம்பந்தி ஒக்காந்தா மல்லாக்கத்தான் பார்ப்பாரு." என்னைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டார். "வாய்யா. என் போனைப் புடுங்கி வெச்சிக்கினாங்க தெரியுமா? ஊர்ல இன்னா நடக்குதுன்னே தெரியல. ஏதாவது விசேஷம் உண்டா?"

"ஒண்ணும் பெரிசா இல்லீங்க" என்றேன்.

வாசலுக்கு வந்து மோகனைக் கூப்பிட்டேன். ஐயாவைக் கண்ணால் பார்த்தேன், பேசினேன், நன்றாக இருக்கிறார் என்றேன். மோகன் அதை வேனுக்குள் சொல்வது கேட்டது. அதற்கு ஒரு பெரியவரின் குரல் பதில் சொன்னது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று பிறகு தெரிந்தது.

"அப்படித்தாம்பா சொல்லுவாங்க. காரியம் முடியற வரைக்கும் மூடி வெப்பாங்க. எங்க சித்தப்பா வூட்ல தட்டு மாத்தற வரைக்கும் ஆளை உள் ரூம்ல போத்திப் படுக்க வெச்சிருந்தாங்க, காய்ச்சல்னு சொல்லிக்கினு. பேப்பர்காரரும் அவங்க தெரிஞ்சவர்தானே?"

மோகன் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சார், ஐயாவை ஒரு வார்த்தை போன்ல பேசச் சொல்லுங்களேன்."

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். உண்மை என் கையில் இருந்தது. அது யாருக்கும் பயன்படவில்லை. வீட்டிலிருந்து வரும் மறுப்பு, சாவை மறைக்கிறார்கள் என்பதற்கான சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஏகாம்பரத்திடம் போனைக் கொடுத்தால் சந்தேகம் தீரும். ஆனால் எதற்காகப் பேசச் சொல்கிறார்கள் என்று அவர் கேட்பார். தான் இருக்கிறேனா என்று சம்பந்தி வீட்டார் நடுரோட்டில் நின்று விசாரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தால், அந்தச் சம்பந்தத்தை அவரே முறித்துவிடுவார். அவரை அறிந்த யாரும் அதில் சந்தேகப்படமாட்டார்கள்.

மிச்சம் இருந்தது குழு. வாசல் தூணில் சாய்ந்துகொண்டு தட்டெழுதினேன்: "ஏகாம்பரம் ஐயா நலமாக இருக்கிறார். வதந்தியை நம்ப வேண்டாம்." அனுப்பும் பொத்தானில் விரல் இருந்தது. அப்போது பழைய செய்தி மேசை ஒன்று நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர், நான் எழுதிக்கொடுத்த ஒரு மறுப்பைப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதைப் படிக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இதுக்கு முன்னாடி விஷயம் தெரியும்?" அவ்வளவுதான் கேட்டார். மறுப்பைக் கிழித்துப் போட்டார்.

குழுவில் பாதிப் பேர் இன்னும் போனை எடுத்திருக்கமாட்டார்கள். என் மறுப்பைத்தான் அவர்கள் முதலில் படிப்பார்கள். படித்ததும், சாவு என்று பேச்சு எப்படி வந்தது என்று மேலே தேடிப் போவார்கள். ஏகாம்பரம் போனைத் திரும்பப் பெறும் நாளில் அவரும் படிப்பார். எழுதியதை அழித்தேன்.

பின்கட்டில் ஏகாம்பரத்தின் மனைவி புஷ்பா அம்மாள் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் கோமதிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பைத் தணித்தார்.

"யாரு மொதல்ல எழுதனது?"

"தனியா யாரும் எழுதலம்மா. எல்லாருமாச் சேர்ந்து எழுதிட்டாங்க."

"யாரு பெரியம்மா?" என்று அறைக்குள்ளிருந்து கோமதியின் குரல் வந்தது.

"பேப்பர்கார சார். காப்பி குடிக்க வந்திருக்காரு. நீ தலையை ஆட்டாம ஒக்காரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நெஞ்சு வலி வருதோ இல்லியோ, சண்டை வரும். இதுவும் போச்சின்னா இந்தப் பொண்ணு இன்னொரு தபா பொடவை கட்டிக்கினு வந்து நிக்க மாட்டா. போன தபாவே அவளை நான்தான் சமாதானம் பண்ணேன்."

"அவர் போன்லேர்ந்து குழுவுக்கு ஒரு மெசேஜ் போனா போதும்மா."

"இன்னான்னு போடுவாரு?"

"வழக்கமா என்ன போடுவாரோ, அதை."

அவர் பாலை இறக்கி வைத்தார். "அப்போ அந்த வாத்தியாரைக் கூப்பிடுங்க" என்றார்.

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. கொல்லைப்புறம் போய் ராகவன் மாஸ்டருக்குப் போன் போட்டேன். நான் பேசுவதற்கு முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"படிச்சேன் ஓய். காலம்பறலேர்ந்து காபி இறங்கலை. அந்த மனுஷன் இல்லேன்னா நான் இனிமே யாரோட சண்டை போடறது?"

"இருக்காரு மாஸ்டர். உள்ளே காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காரு."

மறுமுனையில் டம்ளரை நகர்த்தும் ஓசை கேட்டது. "அப்போ நானும் குடிக்கறேன்" என்றார்.

நிலைமையைச் சொன்னேன். "இன்னிக்குப் பிரதோஷம். சிவன் கோயில் அபிஷேகம் எத்தனை மணிக்குன்னு குழுவுல நான் கேக்கறேன். நீங்க நேரத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதினா..."

"தப்பா எழுத மாட்டேன். அது ஸ்வாமி காரியம். எந்த ஸ்வாமியா இருந்தா என்ன?"

"சரி, சரியாவே எழுதுங்க."

"சரியா எழுதினா அவருக்கு எப்படிக் கோபம் வரும்?"

"நீங்க எழுதினாலே வரும் மாஸ்டர்."



நான் கேள்வியை அனுப்பினேன். அனுதாபச் செய்திகளுக்கு நடுவில் அது எவ்வளவு பண்பில்லாமல் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மாஸ்டரின் பதில் உடனே வந்தது: "மாலை நாலரை மணி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிவன் கோயில்காரர்களே என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்." கடைசி வரி அவராகச் சேர்த்தது.

புஷ்பா அம்மாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பீரோவைத் திறந்தார். புடவை அடுக்குக்குக் கீழே கைவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். கூடவே நீளமான ஓர் இரும்புச் சாவியும் வந்தது. அதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்னம்மா அது?"

"கோயில் சாவி."

பிள்ளையார் கோயில் அந்தத் தெருவுக்குச் சொந்தம். சாவி மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து வரும். அந்த மாதம் இவர்கள் முறை. வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கும். குருக்கள் வந்து தானே எடுத்துக்கொண்டு போய்த் திறப்பார். விடியற்காலையிலிருந்து சாமியானாக்காரர்களும் சமையல்காரர்களும் வந்துபோவதால், அம்மாள் பத்திரத்துக்காகச் சாவியை உள்ளே வைத்திருக்கிறார்.

"குருக்கள் வந்தா கேப்பாரு, எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். அவரு வரவே இல்லியே" என்றார். சாவியை மச்சினர் சுந்தரத்திடம் கொடுத்துக் கோயிலைத் திறக்க ஓடச் சொன்னார். பிறகு கூடத்துக்குப் போய்க் கணவரிடம் கைப்பேசியை நீட்டினார்.

"சார் ஏதோ நேரம் கேட்டிருக்காராம். ஒரே ஒரு பதில். போட்டுட்டுக் குடுத்துடணும்."

பழைய செய்திகளை அவர் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அணைத்து வைத்திருந்த போன், திறந்ததும் காலையில் வந்தவை எல்லாம் அதில் வந்து விழுந்திருக்கும். மாஸ்டரின் செய்தியைத் திரையில் திறந்து வைத்துத்தான் அம்மாள் கொடுத்திருந்தார். ஏகாம்பரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். காது மடல் சிவந்தது. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தத் தொடங்கினார். அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கண் ஏகாம்பரத்தின் நெஞ்சின் மேல் இருந்தது. நாற்காலிக்காரர் இதுதான் சமயம் என்று நழுவிவிட்டார்.

என் சட்டைப் பையில் செய்தி வந்து விழும் ஓசை கேட்டது. எடுத்துப் படித்தேன்.

"வாத்தியாரே நாலரைங்கறது சரிதான். ஆனா அதைச் சொல்ல நீங்க யாரு? உங்க பெருமாள் எத்தனை மணிக்கு எந்திரிக்கறாருன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? நாலு நாள் நான் இல்லன்னா சிவன் கோயிலையும் சேர்த்து எடுத்துக்குவீங்களா? சொன்னது ஏகாம்பரம்."

அம்மாள் கைப்பேசியை வாங்கி அணைத்தார். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

"எதுக்கு வாங்கணும்? இப்பதான் நல்லா இருக்குது" என்றார் ஏகாம்பரம்.

குழுவில் அனுதாபங்கள் அதோடு நின்றன. பிறகு ஆட்டோக்காரர் எழுதினார்: "சரிங்க ஐயா." இன்னொருவர்: "வணக்கம் ஐயா." முதல் அனுதாபத்தை அனுப்பியவர், இன்று எந்தப் பகுதியில் கரண்ட் கட் என்று விசாரித்தார். நடந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

மோகன் போன் செய்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். "படிச்சுக் காட்டினேன் சார். தாய்மாமன் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு. அப்புறம், 'செத்தவன் வாத்தியாரு கூடவா சண்டைக்குப் போவான், வண்டியை எடு'ன்னாரு. ஓரிக்கை தாண்டிட்டோம்."

வேன் வந்தது. பழத்தட்டுகள் இறங்கின. தாய்மாமன் உள்ளே நுழைந்ததும் நேராக ஏகாம்பரத்திடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. தட்டு மாற்றினார்கள். கோமதி மாம்பழ நிறப் பட்டில் வந்து நின்று நமஸ்காரம் செய்தாள். சாப்பாட்டுப் பந்தியில் ஏகாம்பரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார்: "மாப்பிள்ளை வூட்டு ஆளுங்க எல்லாரும் ஏன்யா என்னையே பாக்கறாங்க?"

"புது வேட்டிங்க."

"அவ்ளோ நல்லா இருக்குதா?" என்றார்.

சாத்திய கதவு இன்னும் எனக்குள் பாக்கி இருந்தது. வழக்கமான குருக்கள் அந்த வாரம் ஊரில் இல்லை என்றும், கூரத்திலிருந்து அவருடைய மைத்துனர் வந்து பூஜை செய்கிறார் என்றும் தெரிந்தது. மாலை பிரதோஷக் கூட்டத்தில் அவரைத் தேடிப் பிடித்தேன். காலையில் வந்தீர்களா என்று கேட்டேன்.

"வந்தேனே. ஆணியில சாவி இல்லை. வாசல்ல சாமியானா கட்டிண்டிருந்தா. அந்தாத்துப் பெரியவருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருந்தா. அந்த நேரத்துல போய்ச் சாவி எங்கேன்னு எப்படி சார் கேக்கறது? சத்தம் போடாம திரும்பிட்டேன்."

அவர் கேட்பார் என்று அம்மாள் இருந்திருக்கிறார். கேட்கக் கூடாது என்று அவர் போயிருக்கிறார். கைப்பேசி எதுவும் அதில் சம்பந்தப்படவில்லை. குழுவில் முதல் செய்தி வருவதற்கு முன்பே, அந்த வாசலில் நின்று ஒருவர் சாமியானாவைப் பார்த்து ஏகாம்பரத்தைச் சாகடித்தாகிவிட்டது.

நீங்கள் கேட்ட டிப்ஸுக்கு வருகிறேன். குழுவில் தகவல் போடாதீர்கள், கேள்வி போடுங்கள் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கேள்விக்கு வருவதெல்லாம் பதில் இல்லை. அன்று கணக்கர் ஒரு கோயிலைப் பற்றிக் கேட்டார். வந்தவை எல்லாம் ஒரு வீட்டைப் பற்றி இருந்தன. கேட்டது என்ன, வந்தது என்ன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இன்னொன்று, குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எது கோபம் வரவழைக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள். அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இன்று நிறைய. அன்று எங்களுக்கு அது ஒரு வேனை ஓரிக்கை தாண்ட வைத்தது.

இதை நான் செய்தியாக எழுதவில்லை. அன்று நான் பத்திரிகைக்கு அனுப்பிய செய்தியில் பிரதோஷக் கூட்டம் மட்டும் இருந்தது. அபிஷேகம் நாலரைக்கே தொடங்கியது.

ஏகாம்பரத்துக்குக் கைப்பேசி திரும்பக் கிடைத்தது. அணைத்து வைத்திருந்த நேரத்தில் வந்த செய்திகளை அம்மாள் அழித்துவிட்டுத்தான் கொடுத்தார். அவரும் மாஸ்டரும் பழையபடி சண்டை போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள், குழுவும் போனது.

தேவராஜன் அன்று காலை அனுப்பிய கேள்விக்குக் குழுவில் கடைசிவரை யாரும் பதில் எழுதவில்லை.